கடற்புல்: பாசியா, புல்லா, தாழையா?

மாட்டுத்தாவணி மீன் மார்க்கெட்டில் நண்டு வாங்கினேன். ஒரு நண்டின் காலில் பச்சை நாடா மாதிரி ஒன்று சுற்றியிருந்தது. "பாசிண்ணே, தூக்கிப் போட்டுருங்க" என்றார் கடைக்காரர். திருப்பிப் பார்த்தால் அடியில் கணு, கணுவில் மயிரிழையாக வேர். பாசிக்கு ஏது வேர்? அது கடற்புல்.

கடல் + புல் = கடற்புல். ஆங்கிலத்தின் 'ஸீகிராஸை' அப்படியே தமிழாக்கிய சொல் என்பதால் ஒரு வில்லங்கமும் கூடவே வந்தது. தாவரவியல்படி இது நெல், அருகம்புல் குடும்பமே கிடையாது. நிலத்தில் வாழ்ந்த ஒருவித்திலைத் தாவரங்களில் சில, டைனோசர் காலத்திலேயே கடலுக்குத் திரும்பத் தொடங்கின. அதுவும் ஒரே தடவையில் அல்ல, குறைந்தது 3 தனித்தனி வழிகளில். இன்று உலகில் சுமார் 70 இனங்கள் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவில் வளரும் தலாசியா, ஹலோஃபிலா வகைகளுக்குப் பங்காளி நம்ம ஊர்க் கண்மாயிலேயே கிடக்கிறது: ஹைட்ரில்லா. பள்ளிக்கூடத்தில் புனலைக் கவிழ்த்துக் குமிழி எண்ணினோமே, அந்தச் செடிதான்.

அப்படியானால் 'புல்' என்பது தப்பா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. தொல்காப்பிய மரபியல் "புறக்காழ் அனவே புல்லென மொழிப" என்கிறது. வெளிப்புறம் வயிரம் பாய்ந்தது புல், உள்ளே பாய்ந்தது மரம். அந்தக் கணக்கில் பனையும் தென்னையும் மூங்கிலும்கூடப் புல்தான். கிட்டத்தட்ட இன்றைய ஒருவித்திலைத் தாவரங்கள். கடலடியில் ஆடும் இந்த நாடாவுக்கு ஏது வயிரம் என்று யாராவது மடக்கலாம். இருந்தாலும் 'கிராஸ்' என்பதைவிட நம் 'புல்' இதற்கு நன்றாகவே பொருந்துகிறது.

கடலுக்குள் போனபோது இது எதையெல்லாம் கைவிட்டது என்பது அதன் மரபணுவில் தெரிகிறது. ஸோஸ்டெரா மரினா என்ற கடற்புல்லின் மரபணுத்தொகுதி 2016இல் வெளியானது. இலைத்துளையை உருவாக்கும் மரபணுக்கள் அதில் காணாமல் போயிருந்தன. தண்ணீருக்குள் காற்றுக்குத் துளை திறந்து என்ன பயன்? ஆனால் பூப்பதை விடவில்லை. மகரந்தம் நூல் மாதிரி நீண்டு, நீரோட்டத்தில் மிதந்து போகிறது.

விதை இல்லாமலும், மண்ணுக்குள் ஓடும் தண்டு வழியே பரவும். ஆஸ்திரேலியாவின் ஷார்க் விரிகுடாவில் 180 கி.மீ. பரந்து கிடப்பது ஒரே செடி என்று 2022இல் கண்டுபிடித்தார்கள். கேட்க அதிசயம்தான். ஆனால் பாதுகாப்பவர்களுக்கு அதில் ஒரு கவலையும் உண்டு: எல்லாம் ஒரே மரபணு என்றால், ஒன்றைத் தாக்கும் நோய் அத்தனையையும் தாக்கலாம். அழிந்த இடத்தில் மறுபடி நடும்போது பல திட்டுகளிலிருந்து நாற்று எடுக்கச் சொல்வது அதனால்தான். நம் பாக் விரிகுடாவில், இதை மேய்ந்து வாழும் கடற்பசுவுக்காக அதே 2022இல் 448 சதுர கி.மீ. காப்பகம் அறிவிக்கப்பட்டது.

அங்குள்ள மீனவர்கள் இதைத் 'தாழை' என்கிறார்கள். தாழம்பூவை மட்டுமே தெரிந்த மதுரைக்காரருக்கு முதலில் குழப்பும். அந்த நீண்ட மடலை நினைத்துப் பார்த்தால் பிடிபட்டுவிடும். இலக்கணப்படி சேர்த்தால் 'கடற்றாழை', ஆனால் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. சரி, எழுத்தில் கடற்புல், பேச்சில் தாழை என்று வைத்துக்கொள்ளலாம். கடற்பாசி மட்டும் வேண்டாம். அது நோன்புக் காலத்தில் பாலில் காய்ச்சித் துண்டு போடுகிற சரக்கு. கடையில் அதன் பெயர் 'சைனா கிராஸ்'. புல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், அதுவோ அசல் பாசி.