கீச்சிடும் மோட்டார்

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் என் மாமாவுக்கு ஒரு அரிசி ஆலை இருக்கிறது. நெல் உலர்த்தும் புளோயர் மோட்டாருக்குச் சென்ற ஆண்டு டிரைவ், அதாவது மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் மின்னணுப் பெட்டி, பொருத்தினார். அன்று முதல் அது கீச்சிடுகிறது. பழைய உறுமல் காதுக்குப் பழகிப்போனவர், காயில் கருகப் போகிறதோ என்று பயந்தார். பொள்ளாச்சியிலிருந்து வந்த எலக்ட்ரீஷியன் சிரித்தார்: மோட்டாருக்கு ஒன்றுமில்லை, டிரைவ் மின்சாரத்தை வெட்டி வெட்டி அனுப்புகிறது, அவ்வளவுதான்.

நெல்லின் ஈரத்துக்கு ஏற்பக் காற்று கூட வேண்டும், குறைய வேண்டும். முன்பு மோட்டார் முழு வேகத்தில் ஓட, குழாயில் ஒரு தகட்டைச் சாத்திக் காற்றைக் குறைத்தார்கள். மாட்டைச் சாட்டையால் விரட்டிக்கொண்டே மூக்கணாங்கயிற்றை இழுத்துப் பிடிக்கிற வேலை அது. விசிறி இழுக்கும் திறன் வேகத்தின் மும்மடியை (வேகம் × வேகம் × வேகம்) பொறுத்தது. வேகத்தை நூற்றுக்கு 80 ஆக்கினால் திறன் ஏறத்தாழ 51 ஆகிவிடும். ஆனால் இந்த மோட்டாரின் வேகம் மின்சாரத்தின் அதிர்வெண்ணோடு பிணைந்தது. கம்பியில் வருவதோ 50 ஹெர்ட்ஸ். 40 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் நாமே செய்துகொள்ள வேண்டும்.

டிரைவ் அதைத்தான் செய்கிறது. மூன்று பேஸில் வரும் 415 வோல்ட்டை ஆறு டயோடுகள் நேர்திசை மின்சாரமாக்குகின்றன. கெபாசிட்டரில் அது ஏறத்தாழ 580 வோல்ட்டாக நிற்கும். அடுத்து, பேஸுக்கு இரண்டாக ஐ.ஜி.பி.டி. எனப்படும் ஆறு குறைக்கடத்திச் சுவிட்சுகள். இவற்றுக்குத் திறக்கவும் மூடவும் மட்டுமே தெரியும் (மூடினால் மின்சாரம் பாயும், திறந்தால் நிற்கும்), ஆனால் நொடிக்கு 4,000 முறை. மூடியிருக்கும் நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிக் குறைத்தால், துண்டுகளின் சராசரி அலையாக ஏறி இறங்கும். குயவர் சக்கரத்தைக் கோலால் விட்டுவிட்டுத்தான் தள்ளுகிறார். சக்கரம் சீராகச் சுழல்கிறது. மோட்டாரின் காயிலும் அப்படித்தான், வெட்டுகளை விழுங்கிவிட்டு ஓட்டத்தைச் சீராக்குகிறது. விழுங்காமல் மிஞ்சும் அதிர்வே அந்தக் கீச்சொலி.

ஐ.ஜி.பி.டி.யை 1980களின் தொடக்கத்தில் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் உருவாக்கிய ஜெயந்த் பாலிகா, சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர். 2024இல் அவருக்கு மில்லினியம் தொழில்நுட்பப் பரிசு கிடைத்தது. நம் ஊர்ப் பாடப்புத்தகங்கள் இன்னும் அவரைக் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை.

சுவிட்ச் மூடியிருக்கையில் அதன் குறுக்கே வோல்ட் மிகக் குறைவு; திறந்திருக்கையில் மின்னோட்டம் இல்லை. ஆகவே வெப்பமும் அதிகமில்லை. ஒரு நிலையிலிருந்து மறு நிலைக்குத் தாவும் கணத்தில் மட்டும் இரண்டும் சேர்ந்து இருக்கும், அங்கேதான் சூடு. வெட்டுகளை 16,000 ஆக்கினால் பெரும்பாலான காதுகளுக்குச் சத்தம் மறையும், ஆனால் பெட்டி கொதிக்கும். பாலக்காட்டுக் கோடையில், உமித்தூசி அடைத்த ஆலைக்குள் யார் அதைத் துணிவார்கள்?

சிலிக்கன் கார்பைடு என்ற பொருளால் செய்த சுவிட்சுகள் இந்தத் தாவலை மிக விரைவாக முடித்துவிடுகின்றன, சூடும் குறைவு. ஆய்வாளர்களின் தலைவலி வேறு இடத்தில் தொடங்குகிறது. வோல்ட் எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறதோ, அவ்வளவு அடி காயிலின் இன்சுலேஷனுக்கு. மூன்று பேஸ்களின் வெட்டுகளும் ஒன்றையொன்று முழுமையாக ஈடுசெய்யாததால் மோட்டார் தண்டிலும் வோல்ட் ஏறும். அது பேரிங்கின் கிரீஸ் படலத்தைத் துளைத்துப் பொறியாகப் பாய்ந்து, எஃகில் வரிவரியாகக் குழி பறிக்கும். தண்டில் உரசும் புவி இணைப்புத் தூரிகை ஒன்றைப் பொருத்தினால் அந்த மின்சாரம் பேரிங் பக்கம் போகாது.

மாமா இப்போது கீச்சொலியைப் பொருட்படுத்துவதில்லை. வாரம் ஒருமுறை திருப்புளியின் நுனியைப் பேரிங் கூட்டின்மீது ஊன்றி, கைப்பிடியைக் காதோடு வைத்துக் கேட்கிறார்.