பழைய பெஞ்ச் வைஸுக்கு வண்ணம் பூசுமுன்

பழைய பெஞ்ச் வைஸ்களை, அதாவது வேலை மேசையில் பொருத்தி, நிலையான ஒரு தாடைக்கும் திருகினால் நகரும் ஒரு தாடைக்கும் இடையே பொருளை இறுக்கிப் பிடிக்கும் இரும்புப் பிடிப்பான்களை, தேடி வாங்கி, துரு நீக்கி, மீண்டும் வேலைக்குக் கொண்டுவரும் ஆர்வம் பலரிடமும் வளர்ந்து வருவது, இத்தொழிலில் இருக்கும் எனக்கு மனநிறைவைத் தருகிறது. நல்ல வார்ப்பும் தேயாத மரையும் உள்ள ஒரு வைஸ், வாங்கியவர் காலத்திற்குப் பின் அவருடைய பிள்ளைகளுக்கும் உழைக்கும். ஆனால் சீரமைப்பு பாதியில் நின்றுபோய் என்னிடம் வந்து சேரும் வைஸ்களில் பெரும்பாலானவற்றில் ஒரே கதையைத்தான் பார்க்கிறேன்: வாங்கிய கையோடு ஆங்கிள் கிரைண்டரில் கம்பி பிரஷை மாட்டி, பழைய வண்ணத்தை இரும்பு பளபளக்கும் வரை தேய்த்திருக்கிறார்கள். அந்த வண்ணத்தில் என்ன இருந்தது, அதன் அடியில் என்ன மறைந்திருந்தது என்ற இரண்டு கேள்விகளையும் கேட்காமலே வேலை தொடங்கிவிடுகிறது.

முதல் கேள்விக்கான விடை, பெரும்பாலும், ஈயம். இருபதாம் நூற்றாண்டின் நெடுங்காலம் இரும்புக்கு அடிப்பூச்சாகச் செவ்வீயம் என்ற சிவப்பு ஈய ஆக்சைடு பயன்பட்டது. மேற்பூச்சுகளிலும் ஈயச் சேர்மங்கள் கலந்திருந்தன. அமெரிக்காவில் வீட்டு உபயோக வண்ணங்களில் ஈயம் தடைசெய்யப்பட்டதே 1978-இல்தான். தொழிற்சாலைப் பயன்பாட்டு வண்ணங்களில் அது அதற்குப் பின்னும் இருந்தது. ஆகையால் பழைய வைஸ் எதுவானாலும், சோதித்து இல்லையென்று தெரியும் வரை, ஈயம் இருப்பதாகவே வைத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டும். உலர்வாகத் தேய்க்கும்போது எழும் தூள் தேய்ப்பவரின் நுரையீரலோடு நின்றுவிடுவதில்லை. சட்டையிலும் செருப்பிலும் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வந்து, தரையில் தவழும் குழந்தையின் கைவிரலில் ஏறி வாய்க்குப் போகிறது. குழந்தைகளின் இரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பாதகமில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் அறியப்படவில்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

எனவே வண்ணத்தை ஈரமாகவே எடுங்கள். பூச்சு நீக்கும் பசையைத் தடவி, அது ஊறியபின் மழுங்கிய பட்டையால் சுரண்டி, கழிவை மூடிய கலத்தில் சேர்த்து, அபாயகரமான கழிவுகளை ஏற்கும் இடத்தில் ஒப்படைப்பதே முறை. பசையை வாங்கும்போது அதில் மெத்திலீன் குளோரைடு இருக்கிறதா என்று பாருங்கள்; காற்றோட்டமில்லாத அறைகளில் அதைப் பயன்படுத்தியவர்கள் மூச்சடைத்து இறந்திருக்கிறார்கள். புளோ லாம்பின் தீச்சுடரால் வண்ணத்தைக் கருக்கி எடுப்பதும் கூடாது, ஈயம் புகையாகிவிடும். சாதாரணத் துணி முகக்கவசம் இந்தத் தூளுக்குத் தடையே அல்ல. நுண்தூளுக்கான வடிகட்டி பொருத்திய சுவாசக் கவசம் வேண்டும். வேலை உடையைத் தனியே துவைக்க வேண்டும்.

இரண்டாம் கேள்வி, அடியில் மறைந்திருப்பது: முத்திரைகளும் விரிசல்களும். வண்ணத்தை எடுக்கும் முன்பே வைஸை அடையாளம் கண்டுவிடுவது நல்லது. பக்கவாட்டில் புடைத்து நிற்கும் வார்ப்பெழுத்துகள் எப்படியும் தப்பிவிடும். ஆபத்து, ஆழமில்லாமல் குத்தப்பட்ட முத்திரைகளுக்குத்தான். 1941-இல் சிகாகோவில் தொடங்கப்பட்ட வில்டன் நிறுவனத்தின் புல்லட் வடிவ வைஸ்களில், அசையும் தாடையோடு சேர்ந்து உடலுக்குள் ஓடும் தண்டுக்கு அடிப்பக்கம் மாதமும் ஆண்டும் குத்தப்பட்டிருக்கும். அது எப்போதும் தயாரித்த தேதி என்று கொள்ளக் கூடாது. பலவற்றில் அது ஐந்தாண்டு உத்தரவாதம் முடியும் தேதி, ஆகவே ஐந்தைக் கழித்துப் பார்க்க வேண்டும். கம்பி பிரஷால் அழுத்தித் தேய்த்தால் அந்த எண்கள் மங்கிப்போகக்கூடும். காப்புரிமைத் தேதி பொறித்த வைஸ்களிலும் இதே போன்ற குழப்பம் உண்டு. அந்தத் தேதிக்குப் பின் செய்யப்பட்டது என்பதற்கு மட்டுமே அது சான்று. ஒரே வார்ப்பு அச்சு பல்லாண்டுகள் பயன்பட்டிருக்கலாம். மாதிரி எண்களைப் படிப்பது எளிது. பென்சில்வேனியாவின் ஈரி நகரைச் சேர்ந்த ரீட் வைஸில் 104 என்றிருந்தால் தாடை அகலம் 4 அங்குலம். ஷெஃபீல்டின் ரெக்கார்ட் ஃபிட்டர் வைஸில் அதே 4 அங்குலத்துக்கு எண் 3. முத்திரையை ஈரத்துணியால் துடைத்து, சாய்ந்த வெளிச்சத்தில் படம் எடுத்து வைத்துக்கொள்வது என் வழக்கம்.

நான் மிகுந்த நேரம் செலவிடுவது விரிசல் பார்ப்பதில்தான். வைஸ் உடையும் இடங்கள் ஏறக்குறைய எப்போதும் ஒன்றே: நிலைத் தாடை உடலோடு சேரும் கழுத்து, தண்டு ஓடும் வாய்க்காலின் மூலைகள், சுழல் பீடத்தின் போல்ட் காதுகள், சம்மட்டி அடி வாங்கும் பின்பக்கத் தட்டையான மேடை (அடைகல்). சந்தேகமான இடத்தைப் பிசுக்கில்லாமல் துடைத்து, மண்ணெண்ணெயைத் தடவிச் சிறிது நேரம் ஊறவிட்டு, மேற்பரப்பை நன்றாக உலரத் துடைத்து, சாக்கட்டியை அழுத்திப் பூச வேண்டும். விரிசல் இல்லையென்றால் சாக்கட்டிப் பூச்சு வெள்ளையாகவே இருக்கும். இருந்தால், உள்ளே புகுந்த எண்ணெய் மெல்ல வெளியேறி, வெள்ளையின் மேல் முடி அளவு ஈரக்கோடு ஒன்று கழுத்தின் ஓரத்திலிருந்து ஊர்ந்து வருவதைக் கண்ணால் பார்க்கலாம். தடித்த புது வண்ணத்தோடு விற்பனைக்கு வரும் வைஸை நான் கூடுதல் கவனத்தோடுதான் பார்ப்பேன். அப்படிப்பட்ட ஒன்றைக் கழற்றியபோது, நிலைத் தாடையின் கீழே வண்ணத்தைச் சுரண்டிய இடத்தில் ஒரு விரல் அகலத்துக்கு மஞ்சள் நிறம் தெரிந்தது. பித்தளைப் பற்றவைப்பு. அதன் மேல் பட்டி அடைத்து, தேய்த்துச் சமமாக்கி, வண்ணம் அடித்திருந்தார்கள். ஒழுங்காகச் செய்த பித்தளை வேலை தன்னளவில் குறையாகாது. அதை மறைத்து விற்றது குறை. அந்த வைஸில் பொருளைப் பிடித்து அரம் போடலாம், சம்மட்டியால் அடிக்கக் கூடாது என்று உரிமையாளரிடம் சொல்லி அனுப்பினேன்.

அடிக்கலாமா கூடாதா என்பது வார்ப்பின் தன்மையைப் பொறுத்தது. சாதாரணச் சாம்பல் வார்ப்பிரும்பின் இழுவலிமை, அதாவது இழுக்கும்போது அறுந்துபோகாமல் தாங்கும் அளவு, பெரும்பாலும் சதுர அங்குலத்துக்கு 20,000 முதல் 40,000 பவுண்டு வரை. வளைந்துகொடுக்கும் குணம் அதற்கு இல்லை, எல்லை தாண்டினால் எச்சரிக்கையின்றி உடையும். 60,000 பவுண்டும் அதற்கு மேலும் தாங்கும், உடையுமுன் சற்று வளைந்துகொடுக்கும் நீள்தன்மை வார்ப்பிரும்பு (டக்டைல் அயர்ன்) வெளியுலகுக்கு அறிவிக்கப்பட்டது 1948-இல். எனவே அதற்கு முன் வார்க்கப்பட்ட வைஸை அந்த வகை என்று எவராவது சொன்னால் நம்ப வேண்டாம். உறுதியான பழைய வைஸ்கள் மெல்லியல் வார்ப்பிரும்பிலோ (மேலியபிள் அயர்ன்) வார்ப்பு எஃகிலோ செய்யப்பட்டிருக்கும். வெளியே தெரியாத ஒரு மூலையில் அரத்தால் லேசாகத் தேய்த்தால் ஓரளவு ஊகிக்கலாம்: சாம்பல் இரும்பு விரலைக் கறுப்பாக்கும் பொடியாக உதிரும், எஃகு மினுங்கும் சுருளாக வரும். எது என்று உறுதிப்படாதவரை ஹேண்டிலில் குழாயை மாட்டி இறுக்குவதைத் தவிருங்கள்.

கழற்றும்போது ஒரே ஒரு எச்சரிக்கை. தாடையை நகர்த்தும் திருகான ஸ்பிண்டிலைக் கடைசி மரை வரை திருகும்போது அசையும் தாடை திடீரென நட்டைவிட்டு விலகி, நேரே காலில் விழும். 6 அங்குலத் தாடை கொண்ட கனரக வைஸ் மொத்தத்தில் 50 கிலோவை எட்டக்கூடியது என்பதால் அந்தத் தாடையின் எடையும் அற்பமல்ல. கீழே மரக்கட்டை முட்டுக் கொடுத்துவிட்டுத் திருகுங்கள்.

துரு நீக்க மின்னாற்பகுப்பை நான் விரும்புவதற்குக் காரணம், அது நல்ல இரும்பைத் தின்பதில்லை. தண்ணீரில் சலவைச் சோடாவைக் கரைத்து, பேட்டரி சார்ஜரின் எதிர்முனையை வைஸிலும் நேர்முனையைப் பழைய இரும்புத் தகட்டிலும் இணைக்க வேண்டும். மாற்றி இணைத்தால் வைஸ்தான் கரையும். துருப்பிடிக்காத எஃகுத் தகட்டை நேர்முனையில் வைக்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. அது அழியாமல் நீடிப்பது உண்மை. ஆனால் அதிலிருந்து புற்றுநோய் உண்டாக்கும் ஆறிணைதிறன் குரோமியம் தண்ணீரில் கலக்கிறது. சோடாவுக்குப் பதில் சமையல் உப்பைப் போட்டால் குளோரின் வாயு வரும். முறையாகச் செய்தாலும் ஹைட்ரஜன் குமிழிகள் எழும் என்பதால், திறந்த வெளியில், தீப்பொறி அண்டாத இடத்தில், சார்ஜரை அணைத்த பிறகே கம்பிகளைக் கழற்ற வேண்டும். வெளியே எடுத்ததும் கழுவி, சூடு காட்டி உலர்த்தி, உடனே எண்ணெய் தடவாவிட்டால் சில நிமிடங்களில் புதுத் துரு பூக்கும்.

பிரேசிங்கோ (பித்தளைப் பற்றவைப்பு) வெல்டிங்கோ செய்யவேண்டியிருந்தால் பிசுக்கு எடுக்க, குளோரின் கலந்த பிரேக் கிளீனரைப் பயன்படுத்தாதீர்கள். அதன் எச்சம் சூடுபட்டால் ஃபாஸ்ஜீன் என்ற கொடிய நச்சுவாயு உண்டாகும்.

தாடைகளில் சுத்தியல் தழும்புகளும் மூலைச் சிதைவும் இருந்தால், கழற்றி மாற்றக்கூடிய தாடைத் தகடுகளை மட்டும் மாற்றி, உடலைத் தொடாமல் விடுவதே என் கருத்து. தழும்புகளைச் சாணை பிடித்துக் கண்ணாடிபோல் ஆக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. அந்த அரை மில்லிமீட்டரை யாராலும் திரும்ப வைக்க முடியாது. வண்ணம் பூசும்போது தண்டு, அது ஓடும் வாய்க்கால், சுழல் பீடத்தின் பொருந்துமுகம் ஆகியவற்றை நாடாவால் மறைத்துவிடுங்கள், அங்கே கிரீஸ் மட்டும் போதும். வார்ப்பெழுத்துகள் நிரம்பாதபடி மெல்லிய பூச்சாகக் கொடுங்கள். மேசையில் பொருத்தும்போது பீடத்தின் எல்லா துளைகளிலும் போல்ட் போட்டு, அடியில் சமதளம் இருக்கிறதா என்று பார்த்தபின் இறுக்குங்கள். கோணலான பலகையில் இறுக்கப்படும் போல்ட் காது, முதல் வேலைக்கு முன்பே விரிசல் விடக்கூடும்.