விதையில்லாத் திராட்சையில் விதை எங்கே போனது?

விதையில்லாத் திராட்சை ஒன்றை நறுக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நடுவில் மிகச் சிறிதாக, மெத்தென்று ஒன்றிரண்டு துணுக்குகள் தெரியும். பாதி வழியில் நின்றுபோன விதைகள் அவை. தாம்சன் சீட்லெஸ் போன்ற ரகங்களில் மகரந்தச் சேர்க்கை முறையாக நடக்கிறது, கருவும் உருவாகிறது. ஆனால் விதையின் வளர்ச்சி சில வாரங்களில் நின்றுவிடும். விதையுறை கெட்டிப்படுவதே இல்லை. அதனால்தான் பல்லில் எதுவும் தட்டுப்படுவதில்லை.

விதை இல்லையென்றால் செடிக்கு எங்கே போவது? தண்டுதான். பென்சில் பருமனில் முற்றிய துண்டாகப் பார்த்து, இரண்டு கணுக்கள் மண்ணுக்குள் போகும்படி நட்டால் வேர்விடும்.

விதை நின்றுபோவதில் ஒரு நஷ்டமும் உண்டு. பழத்தின் சதையைப் பெருக்க வைக்கும் ஜிப்பரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் விதையிலிருந்தே வருகிறது. விதை நின்றால் பழமும் சிறுத்துவிடும். கடையில் கிடைக்கும் பெரிய பழங்களுக்கு அந்த ஹார்மோனைத்தான் தெளிக்கிறார்கள். வீட்டுத் தோட்டத்துக்கு அது தேவையில்லை என்பேன். பிஞ்சு பிடித்ததும் கொத்தின் நுனியைக் கிள்ளி, நெருக்கமான பிஞ்சுகளையும் கத்தரித்துவிடுங்கள். மிஞ்சியவை நன்றாகத் திரளும். நன்கு வேரூன்றிய பழைய கொடியென்றால் இன்னொரு வழியும் இருக்கிறது: தண்டில் 4 மில்லிமீட்டர் அகலத்துக்குப் பட்டையை மட்டும் வளையமாக உரித்தெடுப்பது. இலை தயாரிக்கும் சர்க்கரை பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்கும். அந்த வழி அடைபட்டால் சர்க்கரை மேலேயே தங்கி, காய்க்குப் போகும். சில வாரங்களில் காயம் ஆறிவிடும். அதுவரை வேருக்குப் பட்டினிதான். இளங்கொடியில் இதைச் செய்யவே கூடாது.

கொடி பந்தல் நிறையத் தழைக்கிறது, ஒரு கொத்துகூட இல்லை என்று பலர் புலம்புவார்கள். பல நேரம் குற்றவாளி கத்தரிக்கோல்தான். அடுத்த பருவத்துக்கான பூங்கொத்து இப்போதே மொட்டுக்குள் உருவாகிவிடுகிறது, அதற்கு வெயில் படவேண்டும். தாம்சனில் கிளையின் அடிப்பக்க மொட்டுகள் பெரும்பாலும் வெறும் இலை மொட்டுகள். கவாத்து செய்யும்போது இரண்டு கணு விட்டு ஒட்ட வெட்டினால், பூக்கும் மொட்டுகள் மொத்தமும் குப்பைக்குப் போய்விடும். வெயில் பட்டு முற்றிய கிளைகளில் நாலைந்தைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் 10 முதல் 15 மொட்டுகள் வரை விடுங்கள். மற்றதைத் தயங்காமல் வெட்டலாம்.

அப்புறம், பறிப்பதில் அவசரம் வேண்டாம். பறித்த திராட்சை வாழைப்பழம் போலப் பழுக்காது, இனிப்பும் கூடாது. நிறத்தை நம்பாமல் கொத்தின் அடிநுனிப் பழத்தைச் சுவைத்துப் பாருங்கள், கடைசியில் பழுப்பது அதுதான். அது இனித்தால் கொத்தை வெட்டலாம்.