குர்ஆன் ஆயத்தை எடுக்குமுன் பிள்ளை பேசி முடிக்கட்டும்

இந்தத் தவணையும் ஒரு மாணவியை "ஈமான் குறைவு", அதாவது இறைநம்பிக்கை போதாது என்று எழுதி என்னிடம் அனுப்பியிருக்கிறார்கள். தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவும் வுழூச் செய்யப் போனால் முக்கால் மணிநேரம். விரலிடுக்கெல்லாம் தோல் வெடித்திருக்கிறது, பர்தாவின் கைநுனி காய்வதேயில்லை. தொழுகை கூடாமல் போய்விடுமோ என்று இப்படிப் பதறும் பிள்ளைக்கா ஈமான் குறைவு?

மனச்சோர்வுக்கு இந்த ஆயத், பதற்றத்துக்கு இந்த துஆ (பிரார்த்தனை) என்று ஒருநாள் செயலமர்வில் பட்டியல் எழுதி வருவதையே இஸ்லாமிய உளவளத்துணை என்று நினைக்கிறார்கள், நம் பாடசாலை ஆலோசனை ஆசிரியர்கள் பலர். மனம் உடைந்தால் ஈமான் குறைவு என்று எங்கே இருக்கிறது? மகன் யூஸுபை இழந்த யஃகூப் நபியின் கண்கள் துக்கத்தால் வெளுத்துப்போனதைக் குர்ஆனே சொல்கிறது. பிரசவ வேதனையில் மர்யம் (அலை), "இதற்கு முன்பே நான் மரணித்திருக்கக் கூடாதா" என்றார்கள். மகன் இப்ராஹீமின் மவுத்தில் நபியவர்கள் (ஸல்) அழுதார்கள். 934இல் மறைந்த முஸ்லிம் அறிஞர் அபூ ஸைத் அல்பல்கி, காரணம் தெரிந்த கவலை வேறு, காரணம் தெரியாமல் உடலிலிருந்து எழும் கவலை வேறு என்று பிரித்து, பின்னதற்கு உடலுக்கான வைத்தியமும் எழுதிவைத்தார். படிப்பதென்றால் இதையும் படியுங்கள், சேர்.

இந்தப் பிள்ளைக்கு வந்திருக்கும் வஸ்வாஸுக்கு, அதாவது திரும்பத் திரும்ப எழும் சந்தேக நோய்க்கு, மார்க்கத்தில் நல்ல கருவியே இருக்கிறது. தொழுகையில் காற்றுப் பிரிந்ததோ என்ற சந்தேகத்துக்கு, சத்தமோ வாடையோ இல்லாமல் தொழுகையை விடவேண்டாம் என்கிறது புகாரி ஹதீஸ். சந்தேகம் வந்து உறுதியை நீக்காது என்பது பிக்ஹ் எனும் மார்க்கச் சட்டத்தின் விதி. திரும்பக் கழுவாமல் பதற்றத்தைத் தானாகத் தணியவிடும் நடத்தைச் சிகிச்சைக்கு இது அப்படியே பொருந்துகிறது. மூன்று தடவைக்கு மேல் கழுவுவதில்லை என்று உம்மா, மௌலவி, ஆலோசனை ஆசிரியர் மூவரும் ஒரே சொல்லில் நில்லுங்கள். "என் வுழூ கூடிச்சா?" என்று பிள்ளை கேட்கும்போதெல்லாம் "கூடும் மகள்" என்று ஆறுதல் சொல்லாதீர்கள், அதுவும் நோய்க்குத் தீனிதான். மனநல கிளினிக்குக்கும் அனுப்புங்கள். ஓதிப்பார்க்க விரும்பினால் ஓதட்டும், மருந்தை நிறுத்தச் சொல்லாதீர்கள்.

பிள்ளை சொன்னது அமானிதம், நம்பி ஒப்படைத்தது, ஆசிரியர் அறையில் பேசாதீர்கள். ஆனால் சாக நினைப்பதாகச் சொன்னால், யாராவது தொடுவதாகச் சொன்னால், மறைக்கவே கூடாது. உயிராபத்து என்றால் பிள்ளையைத் தனியே விடாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். இலங்கையில் 1926 மனநல உதவி, 1929 சிறுவர் உதவி. இரண்டு எண்களையும் இன்றைக்கே அறைக் கதவில் ஒட்டிவிடுங்கள்.