மூடுபனியில் ஹாரன்: எந்த ஒலிக்கு என்ன பொருள்?

ஒடுங்கிய கால்வாயில் போய்க்கொண்டிருக்கிறீர்கள். மூடுபனி இறங்கி, பக்கத்து மிதவைகூடக் கண்ணில் படவில்லை. எங்கிருந்தோ நீளமாக ஒரு ஹாரன். அந்தக் கப்பல் என்ன சொல்கிறது? "நான் எஞ்சினில் ஓடும் கலம், நகர்ந்துகொண்டிருக்கிறேன்." அவ்வளவுதான். எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை அது சொல்லவில்லை. பலர் குழம்புவது இங்கேதான்.

கடலில் மோதல்களைத் தடுப்பதற்கான 1972-ஆம் ஆண்டு சர்வதேச விதிகள் 1977 ஜூலை 15 முதல் நடைமுறையில் உள்ளன. கடலோடு இணைந்து கப்பல் போகும் நீர்வழிகளுக்கும் இவை பொருந்தும். துறைமுகங்களுக்குத் தனி விதிகள் இருக்கலாம். நுழையும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

சிறு ஊதல் என்றால் சுமார் 1 விநாடி. நீண்ட ஊதல் 4 முதல் 6 விநாடி. ஒரு சிறு ஊதல் "வலப்பக்கம் திரும்புகிறேன்", இரண்டு "இடப்பக்கம்", மூன்று "எஞ்சினைப் பின்னோக்கி ஓட்டுகிறேன்". ஐந்தோ அதற்கு மேலோ படபடவென்று வந்தால், "உங்கள் நோக்கம் புரியவில்லை, மோதாமல் தப்ப நீங்கள் செய்வது போதுமா என்று சந்தேகம்". ஆனால் இவையெல்லாம் ஒருவரையொருவர் கண்ணால் பார்க்கும்போது மட்டுமே. ரேடாரில் புள்ளி தெரிவது பார்ப்பதாகாது. பனிக்குள் திரும்பும்போது இந்த ஊதலைக் கொடுக்காதீர்கள்.

பார்வை மங்கினால், அது பனியோ கனமழையோ மணற்புயலோ, பகலோ இரவோ, வேறு கணக்கு. எஞ்சினில் நகரும் கலம் 2 நிமிடத்துக்கு மிகாத இடைவெளியில் ஒரு நீண்ட ஊதல் கொடுக்க வேண்டும். நங்கூரம் போடாமல், நகராமல் நின்றால் இரண்டு நீண்ட ஊதல், நடுவே 2 விநாடி. ஒரு நீண்டதும் இரண்டு சிறியதும் கேட்டால் கூடுதல் கவனம் தேவை: அது பாய்மரக் கலமாக, மீன்பிடிக் கலமாக, இழுவைக் கலமாக, கட்டுப்பாடு இழந்த கப்பலாக இருக்கலாம். உங்களுக்காகச் சட்டென்று விலக அதனால் முடியாமல் போகலாம்.

ஒலி கொடுத்தால் மட்டும் போதாது. 1914 மே 29 அன்று செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் 'எம்ப்ரஸ் ஆஃப் அயர்லாந்து' பயணிகள் கப்பலும் 'ஸ்டோர்ஸ்டாட்' சரக்குக் கப்பலும் பனி மூடும் முன் ஒன்றன் விளக்கை மற்றொன்று பார்த்திருந்தன. பனிக்குள் ஊதலும் கொடுத்தன. ஆனாலும் மோதின. பயணிகள் கப்பல் கால் மணி நேரத்துக்குள் மூழ்கி, 1,000 பேருக்கு மேல் மாண்டார்கள்.

அதனால்தான், முன்பக்கத்திலிருந்து ஊதல் கேட்டால், மோதும் ஆபத்து இல்லை என்று உறுதியாகும்வரை, சுக்கானுக்குக் கப்பல் கட்டுப்படும் அளவுக்கு மட்டும் வேகத்தை வைத்துக்கொள்ளச் சொல்கிறது விதி. தேவைப்பட்டால் முழுக்க நிறுத்த வேண்டும். திசையைக் காதால் மட்டும் முடிவு செய்யாதீர்கள். காற்றும் பனியும் ஒலியை ஏமாற்றும். எஞ்சின் இரைச்சல் எட்டாத அணியத்தில் (கப்பலின் முன்முனையில்) ஒருவரை நிறுத்தி, பேச்சை நிறுத்தி, கேட்கச் சொல்லுங்கள். கனத்த, தாழ்ந்த குரல் என்றால் பெரும்பாலும் பெரிய கப்பல்: 200 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள கப்பலின் ஹாரன் 70–200 ஹெர்ட்ஸுக்குள் இருக்க வேண்டும்.

கால்வாயில் எப்போதும் உங்கள் வலப்பக்க ஓரத்தை ஒட்டியே போங்கள். மறைவான வளைவு வந்தால் ஒரு நீண்ட ஊதல். அப்பால் கப்பல் இருந்தால் அதே ஊதலால் பதில் தரும்.

12 மீட்டரும் மேலும் உள்ள கலத்துக்கு ஹாரன் கட்டாயம், 20 மீட்டரிலிருந்து மணியும் வேண்டும். 12 மீட்டரைவிடச் சிறிய படகிலும் நன்றாகக் கேட்கும்படி ஒலியெழுப்ப ஏதாவது இருக்க வேண்டும்.

நங்கூரமிட்ட கப்பல் நிமிடத்துக்கு ஒருமுறை 5 விநாடி மணியைக் கடகடவென்று அடிக்கும். அந்த அடிக்கு முன்னும் பின்னும் தனித்தனியாக மூன்று மூன்று மணி கேட்டால், கப்பல் தரைதட்டி நிற்கிறது. அதன் அருகே உங்களுக்கும் ஆழம் இல்லாமல் போகலாம்.