1.2 வீதக் கணக்கோடு என்னிடம் வராதீர்கள்

வருட முடிவுக் கணக்கு வேலை நடக்கும் மாதங்களில் ஒரே கேள்வி மாறி மாறி வருகிறது. கடைசியாகக் கேட்டவர் ஒரு சிறிய கலை அமைப்பின் பொருளாளர். "அண்ணை, வரி 1.2 வீதம்தானே கூடினது, எங்கட சம்பளச் செலவு ஏன் இப்பிடி ஏறியிருக்கு? மென்பொருளில ஏதும் பிழையோ?"

மென்பொருளில் பிழையில்லை. 2024 ஒக்டோபர் பட்ஜெட்டில் பிரித்தானிய நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் நாசனல் இன்சூரன்சில், அதாவது ஊழியரின் சம்பளத்தின் மேல் வேலை கொடுப்பவர் அரசுக்குக் கட்டும் பங்களிப்பில், இரண்டு மாற்றங்களை அறிவித்தார். 13.8 வீதம் 15 வீதமானது எல்லோர் காதிலும் விழுந்தது. மற்றதை யாரும் கவனிக்கவில்லை. முன்பு ஓர் ஊழியரின் ஆண்டுச் சம்பளத்தில் 9,100 பவுண்டுக்கு மேற்பட்டதற்குத்தான் கட்ட வேண்டியிருந்தது. 2025 ஏப்ரல் 6 முதல் 5,000 பவுண்டுக்கு மேல் ஒவ்வொரு பவுண்டுக்கும் கட்ட வேண்டும்.

இதைப் பொறுமையாகப் பாருங்கள். ஒரு நிறுவனத்தின் சம்பளச் செலவு 180,000 பவுண்ட். அது முழுவதும் ஒரே அதிகாரியின் சம்பளம் என்றால், அவருக்காகக் கட்டுவது 23,584 பவுண்டிலிருந்து 26,250 ஆகிறது. கூடியது 2,666. அதே 180,000ஐ ஆளுக்கு 9,000 பவுண்டாக இருபது பகுதிநேர ஊழியர்களுக்குக் கொடுக்கிறீர்கள் என்று வையுங்கள். முன்பு கட்டியது சுழியம். இப்போது ஆளுக்கு 600, மொத்தம் 12,000. இது கடைசியில் நான் சொல்லும் சலுகையைக் கழிக்காத கணக்கு. (21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இது இல்லை. ஆனால் உங்களிடம் அப்படி எத்தனை பேர்?)

நாடக அரங்கில் டிக்கெட் கிழிப்பவர், அருங்காட்சியகக் காவலர், மாலையில் மிருதங்கம் சொல்லிக் கொடுப்பவர், வகுப்பறை உதவியாளர்: கல்வியும் கலையும் பகுதிநேர ஆட்களால்தான் ஓடுகின்றன. அடி விழுந்ததும் அங்கேதான்.

அடுத்த ஆறுதல் வார்த்தை: "அரசுப் பணம்தானே, அரசே திருப்பித் தந்துவிடும்." பள்ளி ஆளுநர் குழுக்களில் இருக்கும் நம்மவர்கள்கூட இப்படித்தான் கதைக்கிறார்கள். இங்கிலாந்தில் அரசு நிதியில் ஓடும் பள்ளிகளுக்கு ஈட்டு மானியம் வந்தது உண்மை. ஆனால் அது உங்கள் பள்ளி கட்டிய பில்லைப் பார்த்து வரவில்லை. மாணவர் தலைக்கணக்கை மையமாக வைத்த சூத்திரத்தில் பிரித்துக் கொடுத்தார்கள். சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்காக உதவியாளர்களை அதிகம் வைத்திருக்கும் பள்ளிக்குக் கைநட்டம். நல்லது செய்த பள்ளிக்குத்தான் துண்டு விழுகிறது. அந்தத் துண்டை எங்கிருந்து ஈடு செய்வார்கள் என்று நினைக்கிறீர்கள்? கணித ஆசிரியரை நிறுத்த முடியாது. இசை ஆசிரியரின் மணித்தியாலங்களைக் குறைப்பார்கள்.

பொதுத்துறைப் பட்டியலுக்கு வெளியே நிற்பவர்களுக்கு அந்த மானியமும் இல்லை. அரசு பணம் கொடுக்கும் இலவசக் குழந்தைப் பராமரிப்பு மணித்தியாலங்களை நடத்தும் தனியார் நர்சரி, இரண்டு வயதுக்குக் குறைந்த மூன்று பிள்ளைகளுக்கு ஓர் ஊழியர் வைத்தே ஆக வேண்டும். அது சட்டம், ஆளைக் குறைக்க முடியாது. இலவச நேரத்துக்குப் பெற்றோரிடம் மேலதிகமாக வாங்கவும் முடியாது. பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு இந்த மாற்றத்தால் வருடத்துக்கு 372 மில்லியன் பவுண்ட் கூடுதல் செலவு என்றது. கல்விக் கட்டணத்தை 9,250இலிருந்து 9,535ஆக உயர்த்தியதில் கிடைக்கும் பணத்தில் பெரும்பகுதி இதற்கே போய்விடும். கவுன்சில், அதாவது உள்ளூராட்சி சபை, நேரடியாக நடத்தும் நூலகத்துக்கு கவுன்சில் வழியாக ஏதோ வரும். அதே நூலகத்தை ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைத்திருந்தால், அந்த ஈடு அதைத் தேடி வராது.

இனி, செய்ய வேண்டியவை.

மானிய விண்ணப்பத்தில் சம்பளத்தை மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். நாசனல் இன்சூரன்சும் பென்சன் பங்களிப்பும் சேர்ந்ததுதான் ஓர் ஊழியரின் விலை. மூன்று வருட மானியம் என்றால் மூன்று வருடத்துக்கும் சம்பள உயர்வைப் போடுங்கள். குறைந்தபட்ச ஊதியம் ஒவ்வொரு ஏப்ரலிலும் ஏறுகிறது, 5,000 பவுண்ட் எல்லையோ அசையாது. 2023இல் கையெழுத்திட்ட மானியம் கையில் இருந்தால் நிதி கொடுத்தவருக்கு இப்போதே எழுதுங்கள். பணம் தீர்ந்தபிறகு எழுதும் கடிதத்துக்கு மதிப்பில்லை.

"நாசனல் இன்சூரன்ஸ் கட்டாமல் தப்ப எல்லாரையும் சுயதொழில் என்று மாற்றிவிடுவோம்" என்று தயவுசெய்து என்னிடம் சொல்லாதீர்கள். நேர அட்டவணை நீங்கள் போடுகிறீர்கள், பாடத்திட்டம் உங்களுடையது, தனக்குப் பதிலாக இன்னொருவரை அனுப்பும் உரிமை அவருக்கு இல்லை. பிறகென்ன சுயதொழில்? வரித்துறை பழைய வருடங்களையும் தோண்டினால் வட்டியும் தண்டமும் அமைப்பின் தலையில்தான் விழும்.

இவ்வளவு சொல்லியும் கையில் இருக்கும் சலுகையை விடுகிறார்களே, அதுதான் எனக்கு எரிச்சல். வேலை கொடுப்பவர் கட்டும் நாசனல் இன்சூரன்சில் வருடத்துக்குக் கழித்துக்கொள்ளக்கூடிய எம்ப்ளாய்மென்ட் அலவன்ஸ் 5,000இலிருந்து 10,500 பவுண்டாகியிருக்கிறது. முந்தைய வருட நாசனல் இன்சூரன்ஸ் 100,000 பவுண்டைத் தாண்டியிருந்தால் கிடையாது என்ற தடையும் போய்விட்டது. கவுன்சிலுக்குக் கிடைக்காது, அறக்கட்டளைக்குக் கிடைக்கும். முதலில் சொன்ன பொருளாளரின் பேரோலில், அதாவது சம்பளக் கணக்கு மென்பொருளில், இந்தச் சலுகையைக் கோரும் பெட்டியில் டிக் போட்டிருக்கவே இல்லை. அது தானாக வராது, ஒவ்வொரு வரி ஆண்டும் கோர வேண்டும். விட்டுப்போயிருந்தால் நான்கு வருடம் வரை பின்னோக்கிக் கேட்கலாம். உங்கள் பேரோலைப் பார்ப்பவருக்கு இன்றே ஒரு ஃபோன் போடுங்கள்.