எந்த வழியாக ஓடினீர்கள்?

கால்வலி என்று வருகிறவர் கையில் நான் முதலில் கொடுப்பது ஒரு பேனா. சீட்டின் பின்பக்கத்தைத் திருப்பி வைத்து, வீட்டு வாசலில் தொடங்கி எந்த வழியாக ஓடினீர்கள் என்று கோடு போட்டுக் காட்டச் சொல்வேன். காரைக்குடிப் பக்கம் பிசியோதெரபி பார்த்து வரும் இத்தனை ஆண்டுகளில், ஸ்கேன் சொல்லாததை அந்தக் கோணல் கோடு பல முறை சொல்லியிருக்கிறது.

சென்ற கோடையில் வந்த ஒரு தம்பி இங்கிலாந்தில் டர்ஹாம் பக்கம் வேலை பார்ப்பவர். அங்கே பல ஆண்டுகளாக வாரம் நாற்பது கிலோமீட்டர் ஓடியும் கால் நொந்ததில்லையாம். விடுமுறைக்குச் சொந்த ஊர் வந்த பன்னிரண்டாம் நாள், இடது காலைத் தாங்கித் தாங்கி என் அறைக்குள் நுழைந்தார். "நம் ஊர் ரோடு சரியில்லை டாக்டர்" என்றார். உடன் வந்த அப்பத்தாவோ, வெறும் வயிற்றில் ஓடினால் வேறு என்ன ஆகும் என்றார். தம்பி சொன்னதில் கொஞ்சம் உண்மை இருந்தது.

அங்கே ஓடும் பாதை எப்படி இருக்கும் என்று கேட்டேன். டர்ஹாம் ஒரு காலத்தில் நிலக்கரிப் பூமி. ஈசிங்டன் சுரங்கம் 1993இல் மூடப்பட்டது. அந்த மாவட்டத்தில் கடைசிவரை தாக்குப்பிடித்த சுரங்கங்களில் அதுவும் ஒன்று. கரி ஏற்றிப் போன பழைய ரயில் பாதைகள் பலவற்றில் தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்துவிட்டு, நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் தடமாக்கிவிட்டார்கள். இவர் ஓடுவது அப்படி ஒரு தடத்தில்தான். ஓடுகிற காலுக்கு அதைவிடச் சொகுசான பாதை அமைவது கடினம். ரயில் என்ஜின் செங்குத்தாக ஏறாது. ஐம்பது அடி தூரத்துக்கு ஓரடி ஏற்றம் என்றாலே அதற்கு மூச்சு வாங்கும். அதனால் பாதை நெடுக மெல்லிய சரிவு, வளைவும் நிதானமாகத்தான் திரும்பும். மேலே இறுகிய கல்தூள். லாரி கிடையாது, குறுக்கே வண்டி கிடையாது.

இங்கே அவர் வரைந்த கோடு நேராக நெடுஞ்சாலைக்குப் போனது. எதிரே வரும் வண்டி கண்ணில் பட வேண்டும் என்று சாலையின் வலது ஓரமாக ஐந்து கிலோமீட்டர் போயிருக்கிறார், திரும்பும்போதும் தன் வலது ஓரமாகவே வந்திருக்கிறார். பாதுகாப்புக்கு அதுதான் சரி. ஆனால் தார்ச்சாலை நடுவில் உயர்ந்து, மழைநீர் வடிவதற்காக இரு ஓரமும் தாழ்ந்திருக்கும். வலது ஓரத்தில் ஓடினால் போகும்போதும் வரும்போதும் வலது கால் பள்ளத்தில், இடது கால் மேட்டில். மேட்டில் விழும் பாதம் ஒவ்வோர் அடிக்கும் உள்பக்கமாகச் சாயும். பத்து கிலோமீட்டரில் இடது பாதம் மட்டும் ஐயாயிரம் தடவை அப்படிச் சாய்கிறது.

கட்டிலில் உட்கார வைத்து, இடது கணைக்கால் எலும்பின் உள்விளிம்பைக் கட்டைவிரலால் மேலிருந்து கீழாக அழுத்திக்கொண்டே வந்தேன். கணுக்காலுக்கு மேலே நாலு விரற்கடையில் முகம் சுளித்தார். அங்கிருந்து ஒரு சாண் நீளத்துக்கு வலி பரவியிருந்தது. இப்படிப் பரவிய வலி, எலும்பைச் சுற்றிய உறையும் அதில் தசை ஒட்டும் இடமும் பொறுக்க முடியாமல் செய்யும் முறையீடு. ஒரே ஒரு புள்ளியில், விரல் நுனி அளவு இடத்தில் சுரீரென்று வலித்தால், ஒற்றைக்காலில் குதிக்க முடியாமல் போனால், இரவில் படுத்த பிறகும் வலி விடாவிட்டால், எலும்பில் மயிரிழை விரிசலோ என்று சந்தேகப்பட வேண்டும். தொடக்க வாரங்களில் எக்ஸ்ரேயில் அது தெரியாமலும் போகும். "எக்ஸ்ரே நன்றாகத்தான் இருக்கிறது" என்ற தெம்பில் மறுநாளே ஓடி, விரிசலை முறிவாக்கிக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மண் நல்லது, தார் கெட்டது என்று சொல்ல வரவில்லை. தார்ச்சாலையிலேயே வாழ்நாள் முழுதும் ஓடி நலமாக இருப்பவர்கள் உண்டு. பாதம் விழும் தரைக்கு ஏற்பக் கால் தன் விறைப்பைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும். தசைக்கும் எலும்புக்கும் பழகச் சில வாரம் வேண்டும், அவ்வளவுதான். தரையும் தட்பவெப்பமும் சரிவும் ஒரே நாளில் மாறி, கிலோமீட்டர் மட்டும் மாறாமல் இருந்ததுதான் இந்தத் தம்பியின் சிக்கல். ஊர் வந்த முதல் வாரம் பாதித் தூரம் ஓடியிருந்தால் என்னைப் பார்க்க வேண்டியிருந்திருக்காது. வெயிலுக்கும் இதே கணக்குதான். குளிர்தேசத்து உடம்பு நம் வெக்கைக்குப் பழகப் பத்துப் பதினான்கு நாள் பிடிக்கும். அதற்குள் ஓடும்போது ஒருவர் தடுமாறினாலோ, பேச்சு குழறினாலோ, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாலோ நிழலில் கிடத்தி உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றுங்கள். 108ஐ அழைத்துவிட்டு, அது வரும்வரை ஊற்றிக்கொண்டே இருங்கள்.

சரி, வேறு எங்கே ஓடுவது? செட்டிநாட்டு ஊர்களில் நல்ல தடத்துக்குப் பஞ்சமே இல்லை. முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும் வீடுகளை அடுக்கிய ஊர்கள் என்பதால், கானாடுகாத்தான், பள்ளத்தூர் போன்ற இடங்களில் தெருக்கள் நூல் பிடித்தாற்போல் நேராகக் கிடக்கின்றன. விடியற்காலையில் ஆள் நடமாட்டம் குறைவு. பூட்டிய வீடுகள் அதிகம் என்பதால் தெருவுக்கு நாய்கள்தான் சொந்தக்காரர்கள். துரத்தினால் ஓட்டத்தை நிறுத்தி நடந்துவிடுங்கள். கடித்துவிட்டால் சோப்புப் போட்டுக் குழாய்த் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மிளகாய்ப்பொடியும் சுண்ணாம்பும் சமையற்கட்டிலேயே இருக்கட்டும்.

ஊருணியைச் சுற்றி ஓடலாம். சிறிய சுற்று, நடுவில் வலித்தால் வீடு பக்கம். ஒரே திசையில் சுற்றாமல் பாதியில் திரும்பி எதிர்த்திசையில் ஓடினால் இரு காலும் சுமையைப் பங்கிட்டுக்கொள்ளும்.

எனக்குப் பிடித்தது கண்மாய்க் கரை. ஆனால் அதற்குப் பருவம் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் களிமண் வழுக்கும், அப்போது வேண்டாம். மழை நின்றவுடனும் வேண்டாம். ஈரத்தில் மாடுகள் நடந்த குளம்புத் தடம் தை, மாசியில் கல்லாகக் காய்ந்து கிடக்கும். மேலே புல் மூடியிருந்தால் கண்ணுக்குத் தெரியாது. பங்குனியில் என்னிடம் வரும் கணுக்கால் சுளுக்குகளில் பாதி அந்தக் குளம்புக் குழிகளின் உபயம். ஆள் நடந்து நடந்து தேய்ந்த ஒற்றையடிப் பாதையை விட்டு விலகாதீர்கள். இருட்டு விலகாத நேரம் என்றால் கையில் டார்ச் வேண்டும், கரையில் விரியன் படுத்திருக்கும். சீமைக்கருவேல முள் ஷூவின் அடியைத் துளைக்கும். சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்களுக்கு முள் ஏறியதே தெரியாது. வீடு திரும்பியதும் ஷூவுக்குள் கையை விட்டுத் தடவிப் பார்ப்பதையும், உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்ப்பதையும் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

கோடு வரைந்த அன்றே அந்தத் தம்பி, நெடுஞ்சாலைக்குப் பதில் ஊருக்கு மேற்கே பொட்டல் வழியாக ஓடலாமா என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அப்பத்தா முந்திக்கொண்டார். "அங்கே சரளை அள்ளிய குழி இருக்கிறது. கருவேலம் மூடிக் கிடக்கும். அதற்குத் தெற்கே ஒரு கிணறு, சுற்றுச்சுவர் கிடையாது."

பிரிட்டனில் கைவிட்ட சுரங்க வாய்களைக் கணக்கெடுத்துப் பதிவு வைக்க அரசு அமைப்பு இருக்கிறது. கரிப்பூமியில் வீடு வாங்குகிறவர், அடியில் சுரங்கம் ஓடுகிறதா என்று அறிக்கை கேட்டு வாங்குவது வழக்கம். நம் சீமையில் நிலக்கரி கிடையாது (சிவகங்கை அருகே கிராபைட் தோண்டுகிறார்கள், அது தனிக்கதை). ஆனால் மண்ணைத் தோண்டாத ஊரும் கிடையாது. செம்புறாங்கல் வெட்டிய பள்ளம், சாலைக்குச் சரளை எடுத்த குழி, தரைமட்டக் கிணறு. அங்கே பதிவேடு செய்யும் வேலையை இங்கே ஆடு மேய்ப்பவர்களும் அப்பத்தாக்களும் செய்கிறார்கள். புதிய தடத்தில் கால் வைக்கும் முன் அவர்களிடம் கேளுங்கள். முதல் தடவை பகலில் நடந்து பாருங்கள். மழைக்குப் பின் குழியின் விளிம்பு உள்ளே அரித்துப்போய், மேலே மெல்லிய மண்தட்டு மட்டும் நிற்கும். தண்ணீர் பார்க்க அருகே போகவே கூடாது.

ஒரு கவலையையும் சொல்லிவிடுகிறேன். காவலர் தேர்வில் ஆண்களுக்கு 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடி முடிக்க வேண்டும். அதற்காக நாலு மணி இருட்டில், கறுப்பு டீஷர்ட்டோடு, மூன்று பேர் வரிசையாக நெடுஞ்சாலையில் ஓடும் பிள்ளைகளை வாரம் தவறாமல் பார்க்கிறேன். லாரி ஓட்டுநருக்கு அவர்கள் தெரிவதே இல்லை. பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் பையின் முதுகில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். சில ரூபாய் விலைதான்; முதுகில் ஒன்றும் மார்பில் ஒன்றும் ஒட்டிக்கொள்ளுங்கள். வேகப் பயிற்சிக்குப் பள்ளி மைதானமே போதும், நெடுஞ்சாலை வேண்டியதில்லை.

டர்ஹாம் தம்பிக்கு மூன்று வாரம் ஓட்டத்தை நிறுத்தி, கெண்டைக்கால் தசைக்குப் பயிற்சி கொடுத்தேன். ஊர் திரும்பும் முன் ஊருணியை நாலு சுற்று மெதுவாக ஓடிப் பார்த்துவிட்டு வலியில்லை என்று சொல்ல வந்தார். கையில் அதே சீட்டு. அவர் போட்ட கோட்டைச் சுற்றி வேறு கையெழுத்தில் 'குழி', 'கிணறு', 'மடை உடைந்தது' என்று எழுதி நிரம்பியிருந்தது. அதை ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டேன்.